லெனான் பாடியதுதான் அது, மெஷின் பாடியது இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் செயற்கை நுண்ணறிவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை, பல விஷயங்கள் எனக்குப் புதிது. ஆனால் நடுவில் ஒரு வரி, 'மறைந்த ஜான் லெனானின் குரலை ஏஐ மூலம் உருவாக்கி பீட்டில்ஸ் குழுவின் கடைசிப் பாடலை வெளியிட்டார்கள்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். பீட்டில்ஸ் என்பது 1960-களில் பிரபலமான இங்கிலாந்துப் பாட்டுக்குழு, லெனான் அதன் நால்வரில் ஒருவர். உருவாக்கவில்லை சார். அந்தப் பாட்டில் கேட்கிற குரல் லெனானின் சொந்தக் குரல், அவர் உயிரோடு இருந்தபோது தன் வீட்டில் பியானோ முன்னால் உட்கார்ந்து பாடிய குரல். ஒரு கேசட்டில் இரைச்சலுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது, அதை வெளியே எடுத்தார்கள், அவ்வளவுதான். எடுப்பது வேறு, உருவாக்குவது வேறு. எனக்கு இந்த வித்தியாசம் பெரிது, ஏன் என்று சொல்கிறேன்.

1987 முதல் 1999 வரை ராமநாதபுரத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். நோட்டுத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, காலி கேசட்டோடு வந்து கொடுப்பார்கள், இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிப்போவார்கள். அந்தத் தலைமுறை ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டுப் பதிவதைவிட ரிப்பேர் வேலைதான் எனக்குப் பிடிக்கும். சிக்கிய நாடாவைப் பிரிப்பது, அறுந்ததை ஒட்டுவது, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கிற ஹெட் பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைக் கால் திருகு திருகி மங்கிய குரலைத் தெளிவாக்குவது, இதெல்லாம் பன்னிரண்டு வருஷம் தினமும் செய்த வேலை. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் லீவில் வரும்போதெல்லாம் வெளிநாட்டு கேசட்டுகளைக் கொண்டுவந்து காப்பி போடச் சொல்வார், அப்படித்தான் பீட்டில்ஸ் எனக்கு அறிமுகம். முதலில் ஒன்றும் புரியவில்லை. காப்பி ஓடும்போது வேறு வழியில்லாமல் கேட்டுக் கேட்டு, அப்புறம் அவர் வராத மாதங்களிலும் எனக்காக ஒரு காப்பி வைத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட்டின் பெயர் 'நௌ அண்ட் தென்'. லெனான் இதை 1977 வாக்கில் எழுதினார். பீட்டில்ஸ் 1970-லேயே பிரிந்துவிட்டது. 1975-ல் மகன் ஷான் பிறந்த பிறகு லெனான் மேடை, ரெக்கார்டிங் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நியூயார்க்கில் டகோட்டா என்கிற கட்டடத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். ஆனால் பாட்டு எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. மனதில் ஒரு மெட்டு வந்தால் பியானோவில் வாசித்துப் பாடி, சாதாரண கேசட் ரெக்கார்டரில் பதிந்து வைத்துக்கொள்வார். யாருக்கும் போட்டுக்காட்ட இல்லை, தனக்கு மறந்துவிடக்கூடாது என்பதற்காக. அப்படிப் பதிந்ததில் ஒன்று இது. அவ்வப்போது உன் நினைவு வருகிறது, நீ எனக்காகத் திரும்பி வரவேண்டும் என்று ஒருவரிடம் சொல்வது போன்ற பாட்டு. யாரிடம் என்று பாட்டில் இல்லை. சில இடங்களில் வார்த்தையே வராமல் வாய்க்கு வந்தபடி மெட்டை மட்டும் முணுமுணுத்திருப்பார், அந்த அளவுக்கு அரைகுறை.

1980 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு அதே டகோட்டா வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 40. கேசட் வீட்டிலேயே இருந்தது.

1994-ல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்தப் பதிவுகளைப் பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். மேலே 'பாலுக்கு' என்று எழுதியிருந்ததாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் பீட்டில்ஸ் வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடராகவும் ஆல்பங்களாகவும் கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்த மூன்று பேர், பால், ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார், இங்கிலாந்தில் சஸெக்ஸ் பகுதியில் இருக்கும் பாலின் சொந்த ஸ்டூடியோவில் கூடினார்கள். தயாரிப்பாளர் ஜெஃப் லின். லெனான் கேசட்டில் பாடுவார், இவர்கள் மூவரும் அதைச் சுற்றி வாசிப்பார்கள், அதுதான் ஏற்பாடு. இப்படி இரண்டு பாட்டு முடிந்தது. 'ஃப்ரீ ஆஸ் அ பேர்ட்' 1995 டிசம்பரில் வந்து பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடம் போனது. 'ரியல் லவ்' 1996 மார்ச்சில் வந்து 4-ஆம் இடம். மூன்றாவதாக 1995 மார்ச்சில் கையில் எடுத்தது 'நௌ அண்ட் தென்'. எடுத்த வேகத்திலேயே கீழே வைத்துவிட்டார்கள்.

ஏன் வைத்தார்கள் என்பதைப் பெரும்பாலும் ஒரு வரியில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேசட் கடை வைத்திருந்தவனுக்கு அந்த ஒரு வரி போதாது.

அந்த கேசட்டில் இரண்டு நோய். முதலாவது ஹம். கரண்ட் லைனிலிருந்து வருகிற 'ம்ம்ம்' என்கிற சத்தம். எர்த் சரியில்லாத வீட்டில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் கேட்குமே, அதுதான். நம் ஊரில் கரண்ட் விநாடிக்கு 50 முறை துடிக்கும், அமெரிக்காவில் 60 முறை. அந்த 60-ஐ மட்டும் வெட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனென்றால் ஹம் தனியாக வராது, 120, 180, 240 என்று தன் பிள்ளைகுட்டிகளையும் கூட்டிக்கொண்டு வரும். ஆண் குரலின் அடிப்பகுதி அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹம்மை வெட்டினால் குரலின் நெஞ்சுப்பகுதியையும் சேர்த்து வெட்டிவிடுவோம், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும்.

இரண்டாவது நோய் பியானோ, இது முதலாவதைவிட மோசம். குரலுக்கு ஒரு மைக், பியானோவுக்கு ஒரு மைக் என்று பதிந்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஒரே ரெக்கார்டர், ஒரே டிராக், இரண்டும் ஒன்றாக நாடாவில் விழுந்துவிட்டன. பியானோ தூக்கலாக இருக்கிறது, குரல் அதற்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது. குரலைக் கூட்டலாம் என்று வால்யூமைத் திருப்பினால் பியானோவும் கூடவே ஏறும். பாலில் கலந்த தண்ணீர் மாதிரி என்று சொல்வார்கள், அப்படித்தான். அன்னப்பறவை கதையில்தான் பிரிக்கும், 1995-ல் எந்த ஸ்டூடியோவிலும் அந்தப் பறவை இல்லை. போதாக்குறைக்குத் தனியாக உட்கார்ந்து பாடுகிறவரின் தாளம் ஒரே சீராக இருக்காது, ஒரு இடத்தில் இழுப்பார், ஒரு இடத்தில் ஓடுவார். அதன்மேல் டிரம்ஸ் வாசிப்பது லேசான வேலை இல்லை.

ஜார்ஜ் ஹாரிசன்தான் போதும் என்று சொன்னவர். பாட்டே குப்பை என்று அவர் கோபமாகச் சொன்னதாகப் பால் பிற்காலத்தில் சொன்னார், அதைப் பிடித்துக்கொண்டு பலர் ஜார்ஜை வில்லனாக்கி எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவருடைய மனைவி ஒலிவியா 2023-ல் சொன்னது வேறு. கேசட்டின் குறைகளைத் தாண்ட முடியாது, நல்ல தரத்தில் முடிக்க முடியாது என்று ஜார்ஜ் நினைத்தார், இன்று இருந்திருந்தால் மனமாரச் சேர்ந்திருப்பார் என்றார். எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. நல்ல காது உள்ளவன் மோசமான பதிவின்மேல் வேலை செய்யும்போது பாட்டின்மேலேயே கோபம் வந்துவிடும், அது எனக்கு அனுபவத்தில் தெரியும். நல்லவேளையாக அன்று அவர் வாசித்த கிதார் பதிவை யாரும் அழிக்கவில்லை. 2001 நவம்பர் 29-ஆம் தேதி ஜார்ஜ் புற்றுநோயில் இறந்தார், 58 வயது.

இந்த இடத்தில் என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ துபாயிலோ இருப்பார். போனில் பேசக் காசு அதிகம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு, அதனால் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிட்டால் வீட்டில் வந்து சேரும், மறுபக்கத்தில் இவர்கள் பேசி அனுப்புவார்கள். ஒரு நாள் ஒரு அக்கா ஒரு கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். அவர் வீட்டுக்காரர் அங்கேயே ஒரு விபத்தில் தவறிவிட்டார். கடைசியாக அனுப்பிய கேசட் அது. அவர் பேசும்போது ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, பழைய ஜன்னல் ஏசி, லாரி நிற்கிற மாதிரி இரைச்சல், பக்கத்தில் யாரோ டேப்பில் பாட்டு வேறு போட்டிருக்கிறார்கள். அதற்குள் இவர் பேசுகிறார். 'பிள்ளைக்கு அத்தா குரல் கேட்கணும், இந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துட்டுத் தாங்க தம்பி' என்றார் அந்த அக்கா. பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும், இடுப்பில் இருந்தது.

மூன்று நாள் ராத்திரி கடையைச் சாத்திய பிறகு உட்கார்ந்தேன். தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலியைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் கீழ் பட்டைகளை இறக்கினேன், ஏசி குறைந்தது, அவர் குரலும் வற்றிப்போனது. மேல் பட்டைகளை ஏற்றினேன், வார்த்தை கொஞ்சம் தெளிந்தது, நாடாவின் 'உஸ்' சத்தம் காதைக் கிழித்தது. பக்கத்து டேப்பில் ஓடிய பாட்டை ஒன்றுமே செய்ய முடியவில்லை, ஏனென்றால் அதுவும் ஒரு ஆண் குரல், இவர் குரல் இருக்கிற அதே இடத்தில் அதுவும் இருந்தது. கடைசியில் ஒரு காப்பி மட்டும் போட்டு, அசல் கேசட்டின் மேல் இருக்கிற இரண்டு சின்னக் காதுகளை உடைத்து, 'இதுமேல யாரும் தெரியாம வேற எதையும் பதிஞ்சிடாம இருக்கட்டும்க்கா' என்று சொல்லிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேசட்டை வாங்கித் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

ஆகவே 'நௌ அண்ட் தென்' கேசட்டை 1995-ல் ஏன் மூடி வைத்தார்கள் என்பது எனக்கு யாரும் சொல்லாமலே புரியும். பால் மட்டும் விடவில்லை. 2012-ல்கூட ஒரு பேட்டியில், அந்தப் பாட்டு இன்னும் கிடக்கிறது, என்றைக்காவது ஒரு நாள் போய் அதை முடிக்கத்தான் போகிறேன் என்று சொன்னார். எழுபது வயதில் சொன்னது.

வழி பிறந்தது எதிர்பாராத இடத்தில். பீட்டில்ஸ் 1969 ஜனவரியில் ஒத்திகை பார்த்ததைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள், கிட்டத்தட்ட 60 மணி நேரப் படம், 150 மணி நேரம் ஒலி. அதைத் தொகுத்து ஆவணப்படமாக்கும் வேலையை நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் எடுத்தார், 2021-ல் 'கெட் பேக்' என்று மூன்று பாகமாக வந்தது. அந்த ஒலி எல்லாம் மோனோ, எல்லாச் சத்தமும் ஒரே டிராக்கில். அதிலும் ஒரு வேடிக்கை, பீட்டில்ஸ் ஆட்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேமராக்காரர்கள் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதற்காக ஆம்ப்ளிஃபயரை ஏற்றிவைத்து சும்மா கிதாரைத் தட்டிக்கொண்டே பேசுவார்களாம். கிதார்தான் பதிவாகும், பேச்சு கேட்காது. ஜாக்சனின் ஆட்கள் இதைப் பிரிக்க ஒரு மென்பொருள் செய்தார்கள். ஆயிரக்கணக்கான ஒலிகளைக் கொடுத்து, கிதார் என்றால் இப்படி இருக்கும், டிரம்ஸ் என்றால் இப்படி, மனிதக் குரல் என்றால் இப்படி என்று அதற்குப் பழக்குவார்கள். பழகிய பிறகு, கலந்து கிடக்கிற ஒலியில் எந்தத் துளி யாருடையது என்று அது அடையாளம் கண்டு தனித்தனியாகப் பிரித்து வைக்கும். அதற்கு 'மால்' என்று பெயர் வைத்தார்கள், பீட்டில்ஸ் கூடவே திரிந்து சாமான் சுமந்து எல்லா வேலையும் பார்த்த மால் எவன்ஸ் என்பவரின் நினைவாக. எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்தது.

படம் முடிந்ததும் 2022-ல் லெனான் கேசட்டை அதில் கொடுத்தார்கள். ஹம் ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம், குரல் தனியாக ஒரு பக்கம். ஜானின் குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது என்றார் பால். அவர் திரும்ப எங்களோடு அதே அறையில் இருப்பதற்கு இதைவிடக் கிட்டே போக முடியாது என்று ரிங்கோ சொன்னார். கவனியுங்கள் சார், அந்த மென்பொருள் ஒரு எழுத்தைக்கூடப் பாடவில்லை, இல்லாத ஒரு மூச்சைச் சேர்க்கவில்லை. ஹெட்டைத் துடைத்தால் குரல் தெளிகிற மாதிரிதான் இதுவும், எத்தனையோ மடங்கு பெரிய துடைப்பு.

குழப்பம் எங்கே வந்தது என்றால், 2023 ஜூனில் பிபிசி வானொலியில் பால் பேசும்போது ஏஐ என்ற சொல்லைச் சொல்லிவிட்டார். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் 'லெனானை ஏஐ பாட வைக்கிறது' என்று தலைப்புப் போட்டன. கொஞ்ச நாளிலேயே பால் மறுத்தார், எதையும் செயற்கையாக உருவாக்கவில்லை, எல்லாம் உண்மையாக நாங்கள் வாசித்துப் பாடியதுதான் என்று எழுதினார். தலைப்பைப் படித்த அளவுக்கு மறுப்பை யாரும் படிக்கவில்லை. இத்தனை காலம் கழித்து உங்கள் இணைப்பிதழிலும் அதே வரி வந்திருப்பதுதான் எனக்கு வருத்தம்.

உண்மையில் அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், ஒரு தடவை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். குரல் 1977 நியூயார்க். கிதார் 1995 சஸெக்ஸ், ஜார்ஜ் வாசித்தது. டிரம்ஸ் ரிங்கோ 80 வயதைத் தாண்டி லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்தது. பேஸ் கிதார், பியானோ பால். நடுவில் ஸ்லைடு கிதாரில் ஒரு இடம் வரும், கேட்டவுடன் ஜார்ஜ் என்றுதான் தோன்றும், ஆனால் வாசித்தது பால், ஜார்ஜின் பாணியில், அவருக்கு மரியாதையாக. வயலின் கூட்டத்தை லாஸ் ஏஞ்சலிஸில் கேபிடல் ஸ்டூடியோவில் பதிந்தார்கள். வாசித்தவர்களிடம் இது பீட்டில்ஸ் பாட்டு என்று சொல்லவே இல்லை, பாலின் சொந்தப் பாட்டு ஏதோ ஒன்று என்று நினைத்து வாசித்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டைப் பாலோடு சேர்ந்து செய்தவர்களில் ஒருவர் கைல்ஸ் மார்ட்டின், அந்தக் காலத்தில் பீட்டில்ஸின் தயாரிப்பாளராக இருந்த ஜார்ஜ் மார்ட்டினின் மகன். அப்பா பார்த்த வேலையைப் பிள்ளை வந்து முடித்திருக்கிறார். பின்னணியில் 'ஆ' என்று கூட்டுக்குரல் கேட்கும், அதுவும் புதிது இல்லை, அவர்களுடைய 1960-களின் பழைய மூன்று பாட்டுகளிலிருந்து எடுத்து உள்ளே நெய்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஒரே ஒரு குறை, அதையும் சொல்லிவிடுகிறேன். லெனானின் கேசட்டில் நடுவில் இன்னொரு பகுதி இருந்தது, உன்னை இழக்க விரும்பவில்லை என்று தொடங்கும், மெட்டு சட்டென்று வேறு திசையில் போய்த் தடுமாறித் திரும்பி வரும். அதை வெட்டிவிட்டார்கள். அங்கே வார்த்தை முழுமையாக இல்லை, அதனால் விட்டோம் என்றால் புரிகிறது. ஆனாலும் பழைய கேசட் வடிவத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த இடம் வரும்போது மனம் தானாக அங்கே போய் நிற்கும். இப்போதைய வடிவம் அழகாக ஓடுகிறது, அந்தத் தடுமாற்றம் இல்லை. தடுமாற்றத்தில்தான் அந்த மனிதர் இருந்தார் என்பது என் அபிப்பிராயம். செத்தவரைக் கேட்க முடியாது என்பதால் இருக்கிறவர்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அந்த உரிமை பாலுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும் என்றும் கூடவே தோன்றுகிறது. பதினைந்து பதினாறு வயதிலிருந்து சேர்ந்து பாட்டெழுதியவர்கள்.

2023 நவம்பர் 2-ஆம் தேதி பாட்டு வந்தது. மறுபக்கத்தில் 1962-ல் வந்த அவர்களின் முதல் சிங்கிள் 'லவ் மீ டூ'. முதலும் கடைசியும் ஒரே தட்டில். அன்று 'லவ் மீ டூ' பிரிட்டனில் 17-ஆம் இடத்தோடு நின்றது, 'நௌ அண்ட் தென்' நவம்பர் 10-ஆம் தேதி முதல் இடத்துக்குப் போனது. அதற்கு முன்னால் அவர்கள் அங்கே முதலிடம் பிடித்தது 1969-ல், இடையில் 54 வருஷம். அமெரிக்காவில் 7-ஆம் இடம். 2025 பிப்ரவரியில் சிறந்த ராக் பெர்ஃபார்மன்ஸுக்கான கிராமி விருதும் கிடைத்தது, மேடையேறி வாங்கியவர் ஷான், அந்த கேசட் பதிவானபோது அதே வீட்டில் நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளை. இன்னொன்று, இந்தப் பாட்டை கேசட்டாகவும் வெளியிட்டார்கள். எத்தனை பேர் வாங்கியிருப்பார்களோ, எனக்கு அந்தச் செய்தியைப் படித்ததும் கடையை மூடிய நாள் ஞாபகம் வந்தது.

நம் ஊரிலும் இதே பேச்சு இருப்பதால் ஒன்று சொல்கிறேன். 2024-ல் 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலில் 'திமிரி எழுடா' பாட்டைக் கொண்டுவந்தார். அது வேறு வகை. அவர்கள் உயிரோடு இருந்தபோது பாடாத ஒரு பாட்டை, அவர்களின் குரல் மாதிரியை வைத்துக் கேட்க வைத்தது. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினேன், சம்பளமும் கொடுத்தேன் என்று ரகுமானே வெளிப்படையாகச் சொன்னார், அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை. சாகுல் ஹமீதின் குரலைத் திரும்பக் கேட்டபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதுவும் லெனான் பாட்டும் ஒன்று என்று எழுதினால் வாசகன் எதை நம்புவான்? ஒன்றில் ஆள் பாடியிருக்கிறார், இன்னொன்றில் பாடவில்லை. இரண்டையும் கேட்கலாம், ரசிக்கலாம், எது எது என்று தெரிந்து கேட்க வேண்டும். அதைப் பிரித்துச் சொல்வது பத்திரிகையின் வேலை. நாளைக்கு எந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாலும் 'இது அவர் குரலே இல்லை, கம்ப்யூட்டர்' என்று ஒதுக்கிவிடும் காலம் வந்துகொண்டிருக்கிறது. உண்மையான குரலைக்கூடப் போலி என்று சொல்லிப் பழகிவிட்டால், வீட்டுப் பெட்டியில் கிடக்கிற கேசட்டை யார் எடுத்து வைப்பார்கள்?

அந்த வகை மென்பொருள் இப்போது ஸ்டூடியோவில் மட்டும் இல்லை, சாதாரண கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது, என் பேரன் போட்டுக் கொடுத்தான். போன வருஷம் என் கல்யாண கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அடியில் என் மாமனார் யாரையோ 'பந்தியைப் பாருங்கப்பா' என்று அதட்டுவது தனியாகக் கேட்டது. அத்தனை வருஷம் அந்த கேசட்டைக் கேட்டிருக்கிறோம், அப்படி ஒரு குரல் அதற்குள் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. என் மனைவி திரும்பத் திரும்ப அந்த ஒரு வரியைப் போடச் சொன்னாள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அடுத்த இணைப்பிதழில் அந்த வரியைத் திருத்தி, லெனானின் குரல் உருவாக்கப்பட்டது இல்லை, அவரே பாடிய பழைய கேசட்டிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டது என்று ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். இரண்டாவது, இந்தக் கடிதத்தை முழுதும் போட இடமில்லை என்றால் எதை வெட்டினாலும் இந்தக் கடைசி வரிகளை மட்டும் வெட்டாதீர்கள். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடைக்கு அந்த கேசட்டைக் கொண்டுவந்த அக்காவோ, இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளையோ இதைப் படித்தால், கேசட் பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, நாடா அறுந்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வீட்டில் ஓடுகிற நிலையில் ஒரு டெக் வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் கேட்டால் என் விலாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கேசட் கடைக்காரர்,
ராமநாதபுரம்.